சிங்கத்துக்கு ஜனாஸா கிடையாது

உலக வரலாறு இனிமேல் இரண்டு பாகம் என்று அந்த அறிவிப்பு சொன்னது. கீழ்த்திசைச் சிங்கம் அபூ ஃபாத்திஹ் அல்-ஹிந்தி உயிரை ஈந்த நாளுக்கு முன்பு ஒரு பாகம், பின்பு ஒரு பாகம். தனியொருவராகக் கோட்டை வாயிலைக் காத்து நின்று, அறுபது எதிரிகளைச் சாய்த்து, முகத்தில் புன்னகை மாறாமல் விழுந்தாராம். வானம் மூன்று நாள் சிவந்தே கிடந்ததாம்.

சிங்கத்தின் சொந்தப் பெயர் ஷஃபீக். புதுச்சேரி முல்லா வீதியில் பாத்திரம் வாடகைக்கு விடும் அன்வருதீனின் மகன். சாரம் பகுதியில் கல்யாண வீட்டுக்கு அண்டா இறக்கப் போனால், தெருமுனையில் படுத்திருக்கும் கிழட்டு நாய்க்குப் பயந்து ரெண்டு தெரு சுற்றி வருவான். அந்த நாய்க்குப் பல் கிடையாது என்பது சாரத்துக்கே தெரியும்.

அறிவிப்பைக் கைபேசியில் கொண்டுவந்து காட்டியவர் சப்-இன்ஸ்பெக்டர் இளஞ்செழியன். தீவிரவாதச் சங்கதிகளை ஆராய்வதற்கென்றே இருக்கும் ஒரு பிரிவில் வேலை. கூட வந்த கான்ஸ்டபிள் கன்னியப்பன் கடை வாசலில் நின்று, கவிழ்த்து அடுக்கியிருந்த பிரியாணித் தேக்சாக்களை எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், இது உங்க பையன்தானே?"

அன்வருதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படம் அவருடைய அண்ணன் மகன் வலீமா விருந்தில் எடுத்தது. வாடகைக் கோட்டு. பக்கத்தில் நின்றவனின் தோள் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. ஷஃபீக் கையிலிருந்த பிரியாணிக் கரண்டியை அழித்துவிட்டு வாள் ஒன்றை வரைந்திருந்தார்கள். ஆனால் விரல்கள் கரண்டியைப் பிடித்தபடியேதான் இருந்தன. அப்படிப் பிடித்தால் வாளால் சோறுதான் அள்ள முடியும்.

"அந்தக் கரண்டி நம்ம கடையோடது சார்," என்றார் அன்வருதீன். முதலில் வாயில் வந்தது அதுதான். அதற்குப் பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்த எழுத்துக்களின் அர்த்தத்தை இளஞ்செழியன் சொன்னார். அன்வருதீன் பக்கத்திலிருந்த தேக்சாவின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

துருக்கியில் ஓட்டல் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன். போய்ப் பதினாலு மாசம். துருக்கியிலிருந்து எல்லை தாண்டி சிரியாவுக்குள் போய்விட்டான் என்று மூன்றாவது மாசமே இதே இளஞ்செழியன் வந்து சொன்னார். வீட்டைப் புரட்டிப் போட்டுச் சோதனை செய்தார்கள். அதற்குப் பிறகு பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் கடைக்குள் வராமல் தெருவில் நின்றே கேட்டார்கள். அதுகூடப் பழகிவிட்டது. மகன் எங்கேயோ இருக்கிறான் என்ற ஒரு நினைப்பு மட்டும் வீட்டில் மிச்சமிருந்தது. இன்றைக்கு அதையும் ஒரு கைபேசியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

"வருத்தமாத்தான் இருக்கும்," என்றார் இளஞ்செழியன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. வருத்தப்பட வேண்டிய இடத்தில் ஒரு நிமிஷம் வருத்தப்படுவார். அந்த நிமிஷம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "நான் ஒரு அறிக்கை எழுதிட்டிருக்கேன் பாய். 'வெற்றி வாசல் இயக்கம்: தோற்றம், நோக்கம், வழிமுறை'. நூத்தி நாப்பது பக்கம். அடுத்த மாசம் டெல்லியில பெரிய அதிகாரிங்க முன்னாடி வாசிக்கணும். உங்க உதவி வேணும்."

அவர் வாசித்தும் காட்டினார். பள்ளி நாளில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவர், வாசிக்காமல் இருக்க முடியாது. தோற்றம் என்ற முதல் அத்தியாயம், 'பாலைப் புயலின் கருவறையில் உதித்து' என்று தொடங்கியது. அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில், வேறு விஷயம் இருந்தது. ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் ஏழு பேர், தொழுகைக்கு யார் முன்னால் நிற்பது என்று சண்டை போட்டார்கள். மூன்று பேர் கோபித்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டார்கள். அந்த மூன்று பேர்தான் வெற்றி வாசல். மற்ற நாலு பேரின் இயக்கத்துக்கு வேறு பெயர். இவர்கள் உலகத்தைவிட அவர்களைத்தான் அதிகம் சுட்டார்கள்.

நோக்கம் என்ற அத்தியாயத்துக்கு வரைபடம் உண்டு. ஸ்பெயின் தொடங்கி ஜாவா வரை ஒரே ஆட்சி. அதை மாகாணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆளுநரையும் நியமித்துவிட்டார்கள். நியமித்தவர்களுக்குப் பாதுகாப்பாகப் படுக்கத்தான் இடமில்லை. புதுச்சேரி ஒரு மாகாணத்தில் விழுந்தது, மாஹே இன்னொன்றில், ஏனாம் மூன்றாவதில். ஃபிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து சேர்ந்தே கிடந்த துண்டுகளை யாரோ அளவுகோலை வைத்துக் கோடு கிழித்துப் பிரித்திருந்தார்கள்.

"யூனியன் பிரதேசத்தை உடைக்கிற நீண்டகாலச் சதி," என்றார் இளஞ்செழியன். இதற்கு மட்டும் பதினோரு பக்கம் எழுதியிருந்தார்.

வழிமுறை என்ற அத்தியாயத்தில் புயலும் இல்லை, கருவறையும் இல்லை. ஷஃபீக் விட்டுப்போன பழைய கைபேசியிலிருந்து எடுத்த செய்திகளை அப்படியே போட்டிருந்தார். முகம் தெரியாத எவனோ ஒருவன் எழுதியவை. முதல் ஆறு வாரம் ஒரே கேள்விதான். தம்பி, சாப்பிட்டியா. மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மதம், ஜிஹாது, எதுவும் கிடையாது. ஏழாவது வாரத்தில்தான், உன்னை அங்கே யாராவது மனுஷனாக மதிக்கிறார்களா தம்பி, என்று கேட்டிருந்தான். எட்டாவது வாரத்தில், பாஸ்போர்ட் இருக்கிறதா.

அன்வருதீன் அந்த ஆறு வாரத்தை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். அப்போது நிக்காஹ் சீசன். மகனிடம் அவரும் தினமும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார். கழுவிட்டியா.

"சின்ன வயசுலேருந்தே தலைமைப் பண்பு இருந்துதா பாய்? ஸ்கூல் லீடர் மாதிரி?" என்றார் இளஞ்செழியன், பேனாவைத் திறந்தபடி.

"நோட்டு வசூல் பண்ற லீடரா ரெண்டு நாள் இருந்தான் சார். பசங்க அடிச்சிட்டானுங்கன்னு மாத்திட்டாங்க."

இளஞ்செழியன் பேனாவை மூடினார். "யோசிச்சு வைங்க. திரும்ப வரேன்."

*

ரமீஜா அழுததை விவரிக்க வேண்டியதில்லை. அழுது முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, ஜனாஸாத் தொழுகை எப்ப?"

"அடக்கம் பண்ண மையித்து இல்லியேம்மா."

"இல்லாட்டி என்ன? துபாய்ல செத்துப்போனாரே பாத்திமா வூட்டுக்காரரு, அவருக்கு இங்க மையித்து இல்லாமலே காயிப் தொழுகை வெக்கல? எம் புள்ள தப்புப் பண்ணிட்டான். அதான் சொல்றேன். தப்புப் பண்ணவனுக்குத்தான தொழுகை வேணும்?"

அன்வருதீன் பள்ளிவாசலுக்குப் போனார். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி அலுவலக அறையில் இருந்தார். மூன்று முறை ஹஜ்ஜுக்குப் போனவர், நாலாவது முறைக்கு விண்ணப்பித்திருந்தார். அறைக்குள்ளே புதிதாக வைத்த கேமரா ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் அவர் இப்போதெல்லாம் அரசாங்க அறிக்கை மாதிரிதான் பேசுவார். ஹஜ்ரத், அதாவது பள்ளியின் இமாம், மூலையில் உட்கார்ந்து ஏதோ கிதாபு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்வரண்ணே, கேள்விப்பட்டேன்," என்றார் முத்தவல்லி. "ஆனா நாம ஷாஃபி மத்ஹபு சட்டப்படி நடக்கிறவங்க. போர்க்களத்துல மார்க்கத்துக்காக உயிரை விட்டு ஷஹீதானவருக்குக் குளிப்பாட்டுறதும் கெடையாது, தொழுகையும் கெடையாது. சட்டம் அப்படி. அவங்க ஷஹீதுன்னு பேப்பர் போட்டுட்டாங்க."

"அப்போ அவன் ஷஹீதுன்னு நீங்க ஒத்துக்கிறீங்களா?"

முத்தவல்லி கேமராவைப் பார்த்தார். "நான் எங்க ஒத்துக்கிட்டேன்? அவங்க சொல்றாங்கன்னு சொன்னேன். அந்த இயக்கத்தை இந்த ஜமாஅத் வன்மையா கண்டிக்குது." இதைக் கேமராவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அப்ப ஷஹீது இல்ல. தொழுகை வைங்க."

"ஷஹீது இல்லன்னா தீவிரவாதி. தீவிரவாதிக்குத் தொழுகை வெச்சாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல போட்டுட மாட்டானுங்களா? ஷஹீதுன்னாலும் வெக்க முடியாது, இல்லன்னாலும் வெக்க முடியாது. எம் பக்கமும் யோசிங்க."

ஹஜ்ரத் கிதாபை மூடினார். "என்னைக் கேட்டா அவங்க சண்டை சண்டையே கெடையாது. அதுல செத்தவன் ஷஹீதும் கெடையாது. தொழ வெக்கலாம்."

"அதை மைக்குல சொல்றீங்களா ஹஜ்ரத்?"

ஹஜ்ரத்துக்கு மூன்று பெண் பிள்ளைகள். கிதாபை மறுபடியும் திறந்துகொண்டார். அன்வருதீன் கிளம்பியபோது வாசல்வரை கூடவே வந்து, கேமரா எட்டாத தூணுக்குப் பின்னால் நின்று சொன்னார்.

"அண்ணே, சண்டையில சாகாம, நோய் நொடியில போயிருந்தா அவரும் மத்தவங்க மாதிரிதான். தொழுகை உண்டு. எவனும் எதுவும் பேச முடியாது. அப்படி ஏதாவது எழுத்துல கெடச்சா கொண்டாங்க. கமிட்டியை நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அன்வருதீனுக்கு ஒன்று புரிந்தது. அவருடைய மகன் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று எல்லோருமே ஆசைப்பட்டார்கள். இயக்கத்துக்குச் சிங்கம் வேண்டும். இளஞ்செழியனுக்குத் தளபதி வேண்டும். முத்தவல்லிக்கு ஷஹீது வேண்டும், தொழுகை வைக்காமலிருக்க. அவன் உயிரோடு இருந்தபோது இத்தனை பேர் அவனைப் பற்றி உயர்வாக நினைத்ததில்லை. பெற்றவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் அவன் சின்ன ஆளாகச் செத்திருக்க வேண்டும்.

*

எட்டாம் நாள் அவரே இளஞ்செழியனைத் தேடிப் போனார். மேஜைமேல் அறிக்கை முடிந்த நிலையில் இருந்தது, நீல அட்டையோடு.

"சார், அவன் எப்படிச் செத்தான்?"

"கோட்டை வாசல்ல, சண்டையில. பக்கம் தொண்ணூத்தி ரெண்டு."

"அது அவங்க நோட்டீஸ்ல போட்டது சார். நீங்க கண்டுபிடிச்சது என்ன?"

இளஞ்செழியன் கொஞ்சம் சங்கடப்பட்டார். அறிக்கையில் பாதி, இயக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டதுதான். அவர்கள் 'மாவீரர்' என்று எழுதிய இடத்திலெல்லாம் இவர் 'கொடியவர்' என்று மாற்றியிருந்தார். அளவு மட்டும் குறையவே இல்லை.

"ஆதாரம் இல்லாம எழுதுவேனா? இணைப்பு ஏழு. அவங்க முகாம்ல கைப்பத்தின தாளு, வெளிநாட்டு ஏஜென்சி அனுப்பினது. உங்க பையன் பேரு இருக்குதுன்னு அடையாளம் போட்டு அனுப்பியிருக்கான். ரகசியப் படை நியமனப் பட்டியலா இருக்கணும்."

அவர் தாளைத் தூக்கிக் காட்டினார். அன்வருதீனுக்கு அரபி தெரியாது. ஆனால் சின்ன வயதில் மதரஸாவில் அடிவாங்கிக் கற்றதில் எழுத்துக் கூட்டத் தெரியும். எழுத்து எதுவுமே கூடவில்லை. எழுந்துபோய், "மன்னிச்சுக்குங்க சார்," என்று இளஞ்செழியன் தலைகீழாகப் பிடித்திருந்த தாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

கன்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நேராகத் திருப்பிய பிறகு ஷஃபீக் என்று கூட்ட முடிந்தது. பக்கத்தில் ஹிந்த். வரிசையில் ஐந்து கட்டங்கள். அதற்கு மேல் அவருக்கு எட்டவில்லை.

"இதுல ஒரு ஜெராக்ஸ் வேணும் சார்."

"ரகசிய ஆவணம் பாய்." இளஞ்செழியன் யோசித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தார். "நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் டீ குடிக்கப் போறேன். கன்னியப்பன் என்ன ஜெராக்ஸ் எடுக்கறான்னு எனக்குத் தெரியாது."

தாளில் இருந்தது: 'என் மகன் ஷஃபீக் பிஞ்சு வயது முதலே அஞ்சா நெஞ்சினன். பிறரை ஆட்டிப்படைக்கும் ஆற்றல் மிக்கவன். அவன் தளபதி நிலைக்கு உயர்ந்ததில் எனக்கு வியப்பேதும் இல்லை.'

"வூட்ல கேட்டுட்டு வரேன் சார்," என்றார் அன்வருதீன்.

வீட்டில் மகள் ஃபரீஹா இருந்தாள். நர்ஸிங் முடித்தவள். மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட்டுக்குக் காவல்துறைச் சான்று மட்டும் வர வேண்டியிருந்தது. அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அண்ணன் தளபதின்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, தளபதி தங்கச்சிக்கு எவனும் பாஸ்போர்ட் தர மாட்டான் அத்தா."

"தெரியும்மா. அதான் கேக்க வந்தேன்."

உள்ளே ரமீஜா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஃபரீஹா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா தூங்கி எட்டு நாளாச்சு," என்றாள். "போட்டுட்டு வாங்க. ஜிப்மர்ல ஒப்பந்த வேலைக்கு எடுக்கறாங்களான்னு பாக்கறேன். அதுக்கும் வெரிஃபிகேஷன் கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

அன்வருதீன் போய்க் கையெழுத்துப் போட்டார். தன் மகனைத் தளபதியாக்கிவிட்டு, அவன் தளபதி இல்லை என்பதற்கான தாளை வாங்கிக்கொண்டு வந்தார். கன்னியப்பன் ஜெராக்ஸை மடித்துக் கையில் கொடுக்கும்போது, "அரியாங்குப்பத்துல என் கல்யாணத்துக்கு உங்க கடைப் பாத்திரம்தான் பாய்," என்றான். "உங்க பையன்தான் இறக்க வந்தான். எங்கூட்டு ஆட்டைப் பாத்துப் பயந்துக்கினு வண்டியிலேருந்து எறங்கவேயில்ல." ஆறுதலாகத்தான் சொன்னான். அன்வருதீனுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

*

ஹஜ்ரத் தூணுக்குப் பின்னால் நின்று வாசித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் இன்னும் மெதுவாக.

"இது நியமனப் பட்டியல் இல்லண்ணே. நோயாளிங்க பட்டியல். முதல் கட்டம் பேரு. ரெண்டாவது, எந்த நாடு. மூணாவது, என்ன வேலை." நிறுத்தினார்.

"சொல்லுங்க ஹஜ்ரத்."

"சமையக்கூடம். பாத்திரம் கழுவுறது."

அன்வருதீன் தூணைப் பிடித்துக்கொண்டார். என்ன வேலை தெரியும் என்று அங்கே கேட்டிருப்பார்கள். பயந்த பயல் உண்மையைச் சொல்லியிருப்பான். பாத்திரம் கழுவ மாட்டேன் என்று கடைசி நாள் கத்திவிட்டு, உலகத்தையே வெல்லப் போனவன்.

"நாலாவது கட்டம், நோய். வயித்துப்போக்கு. அஞ்சு நாள் இருந்திருக்கு. மருந்து இல்லன்னு எழுதியிருக்காங்க. அதுக்குப் பக்கத்துலயே இறந்த தேதி. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்." ஹஜ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வயித்து நோயில போறவருக்கும் மறுமையில ஷஹீது கூலி உண்டுன்னு ஹதீஸ் இருக்குண்ணே. ஆனா அவருக்குக் குளிப்பாட்டு உண்டு. தொழுகை உண்டு. அல்ஹம்துலில்லாஹ்."

அன்வருதீனும் அதையே சொன்னார். வயிற்றுப்போக்கில் மகன் செத்ததற்காக ஒரு தகப்பன் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது அந்த வீதியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஐந்தாவது கட்டத்தையும் ஹஜ்ரத் பார்த்தார். வாய்விட்டு வாசிக்கவில்லை. அன்வருதீன் கேட்டபோது காதோடு சொன்னார்.

முத்தவல்லி தாளை மூன்று முறை வாங்கிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். நிபந்தனைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை கூடாது. மைக் கூடாது. பெரிய கூடத்தில் கூடாது. பாய் சுருட்டி வைக்கும் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளலாம். இன்னாருக்குத் தொழுகை என்று வெளியே சொல்லக் கூடாது. தானும் வர முடியாது, கடலூரில் ஒரு நிக்காஹ் இருக்கிறது. நிக்காஹ் எந்த நாள் என்பதை, தொழுகை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு சொன்னார்.

புதன்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, அடுக்கி வைத்த பாய்களுக்கு நடுவே ஒன்பது பேர் ஒரே வரிசையாக நின்றார்கள். நாலு முறை அல்லாஹு அக்பர் என்று தக்பீர். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கன்னியப்பன் மஃப்டியில் வாசலில் நின்று யார் யார் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் பேனாவைச் சட்டையில் செருகிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

கடையில், மையித்தைக் குளிப்பாட்டும் பலகையும் செம்பும் எப்போதும் தனியாக இருக்கும். அவற்றுக்கு வாடகை வாங்குவதில்லை. அன்றைக்குத் தொழுகை முடிந்து அன்வருதீன் வீட்டுக்கு வந்தபோது, ரமீஜா அந்தப் பலகையைக் கொல்லையில் போட்டு வைத்திருந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு, பலகையின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மூன்று தடவை ஊற்றினாள். பிறகு துணியால் ஒற்றித் துடைத்தாள், வலிக்கும் என்பதுபோல. ஃபரீஹா பக்கத்தில் நின்று செம்பை வாங்கி வைத்தாள்.

டெல்லியில் இளஞ்செழியனின் அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். கீழ்த்திசைத் தளபதியின் தந்தையே அளித்த வாக்குமூலம் பக்கம் தொண்ணூற்று மூன்றில் இருக்கிறது. இணைப்பு ஏழு மறுபடியும் தலைகீழாகத்தான் தைக்கப்பட்டிருக்கிறது. ஃபரீஹாவின் பாஸ்போர்ட் வரவில்லை.

தொழுகை நடந்த அந்தப் புதன்கிழமை மாலை ரமீஜா ரொம்ப நாள் கழித்து ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நோய்ல போனவனை அங்க யாராச்சும் குளிப்பாட்டியிருப்பாங்கல்ல? அந்தப் பேப்பர்ல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு," என்றார் அன்வருதீன்.

போட்டிருக்கவில்லை. ஐந்தாவது கட்டத்தில், கால்சட்டை ஒன்று, துவைத்துத் திரும்பப் பெறப்பட்டது என்று இருந்தது.